பாராத இதயம்



இம்முறை நூலும் இல்லை, நூலாசிரியரும் இல்லை. ஒரு தேர்வைப் பற்றிப் பேசப் போகிறோம். குழந்தைகளின் இதயத்தை ஒலியலை கொண்டு படம்பிடிப்போருக்கு அமெரிக்க மருத்துவ ஒலிவரைவாளர் பதிவகம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வு அது. தமிழ் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க. நன்னூல் இடையில் வரும்.

'நாங்கள்' என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. எழுதுபவர் ஒருவரே ஆயினும் படித்தவர் இருவர். மூத்தவர் சேலத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் அவர்தம் தங்கை. பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனையில் எக்கோ எடுப்பவர். கோடை விடுமுறையில் இருவரும் ஏற்காட்டு மலையில், வாழவந்தியில், அம்மாவின் வீட்டில் ஐந்து வாரம் தங்கினோம். காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதிய அப்பா கட்டிய வீடு. பின்புறம் சவுக்கு மரங்கள். அவற்றில் ஏறிப் படரும் மிளகுக்கொடி. பிற்பகல் மூன்று மணிக்கே பனி இறங்கி முற்றத்தை மூடிவிடும். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பது திண்ணையின் வலது மூலையில் மட்டுமே. படிப்பதற்கு இதனினும் நல்ல இடம் வேறில்லை என்றாள் தங்கை.

தேர்வு இரு பகுதி உடையது. ஒலியலையின் இயல்பும் கருவியின் செயற்பாடும் பற்றியது ஒன்று. குழந்தை இதயம் பற்றியது மற்றொன்று. மதிப்பெண் 300 தொடங்கி 700 வரை செல்லும். 555 எடுத்தால் தேர்ச்சி. இந்த 555 எங்கள் வீட்டில் ஒரு மந்திர எண் ஆயிற்று. அம்மா பால் கணக்குக் குறிக்கும் நாட்காட்டியிலும் யாரோ அதனை எழுதி வைத்திருந்தனர்.

முதற்பகுதியில் எங்களுக்குத் துணை நின்றது மலையேதான். உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் செல்லும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோநொடி. இவை மனப்பாடத்தில் அடங்குவன. அதிர்வெண் கூடினால் நுண்மை கூடும், ஆழம் குறையும் என்பதுதான் மனத்தில் நில்லாமல் நழுவிற்று. பிறந்த குழந்தையின் மார்பு மெல்லியது. இதயம் கைக்கெட்டும் ஆழத்தில் உள்ளது. ஆகவே உயர்ந்த அதிர்வெண்ணில் நுணுக்கமாகப் பார்க்கலாம். பெரியவர்க்கு அதனைக் குறைக்க வேண்டும். அவ்வாரம் எங்கோ ஒரு கோயிலில் மேளம் கொட்டினர். இரண்டு மேடு கடந்தும் பெருமேளத்தின் அடி எங்களை வந்தடைந்தது. உடன் ஒலித்திருக்க வேண்டிய கைமணியின் ஓசை ஒரு துளியும் வரவில்லை. தங்கை புத்தகத்தை மூடிவிட்டு, "இவ்வளவுதானா அண்ணா?" என்றாள். அதன்பின் அது நழுவவில்லை.

இக்கலையின் பிறப்பும் சுவையானது. 1953ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்னும் மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும் முதன்முதலாக இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். அதற்குமுன் அவர்கள் முயன்று பார்த்த கருவி, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உட்பழுதைக் கண்டறியப் பயன்பட்டது. இரும்பைப் பிளக்காமல் அதனுள் உள்ள வெடிப்பைக் காணலாம் என்றால் மார்பைப் பிளக்காமல் இதயத்தைக் காணலாகாதா என்னும் ஒரு கேள்வியிலிருந்து இத்தனையும் வளர்ந்திருக்கிறது.

குருதியின் ஓட்டத்தைக் காட்டுவது டாப்ளர். ஒலி அனுப்புவோனை நோக்கி வரும் குருதிக்குச் சிவப்பு, விலகிச் செல்வதற்கு நீலம் எனத் திரையில் நிறம் கொடுப்பது வழக்கம். குழந்தையின் பெற்றோர் திரையில் நீலம் கண்டு நடுங்குவர் என்பாள் தங்கை. அந்நீலத்திற்கும் கெட்ட குருதிக்கும் தொடர்பில்லை. ஆண்டுதோறும் நூறு தாய்மார்க்கேனும் இதனைச் சொல்லி அமைதிப்படுத்துகிறாளாம். மிகு விரைவில் ஓடும் குருதியைக் கருவி தவறாகப் படித்து எதிர்த்திசையில் காட்டுவதும் உண்டு. திரைப்படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றுமே, அதே மயக்கம். குறுகிய வழியில் பாயும் குருதியின் விரைவை அளந்து, அதனை இருமடிப் பெருக்கி, நான்கால் பெருக்கினால் இருபுறத்து அழுத்த வேறுபாடு கிடைக்கும். நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். எங்களுள் மூத்தவர் பள்ளியில் கணக்கிற்கு அஞ்சித் தமிழுக்கு ஓடிவந்தவர். அவரும் மூன்றாம் வாரத்தில் விரல்விட்டு இதனைச் சொல்லலானார்.

மூத்தவர் செய்த ஒரு வேண்டாத வேலையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வாரம் முழுதும் அமர்ந்து அவர் இருநூறு கலைச்சொற்களை ஆக்கினார். இதழ்த்தடுக்கு, அறையிடைச்சுவர், நாள இணைப்பு என்று பட்டியல் நீண்டது. தங்கை பொறுமையுடன் முழுவதையும் படித்தாள். "ரொம்ப அழகா இருக்குங்கண்ணா. ஆனா பரீட்சையில இதுல ஒண்ணுகூட வராது" என்றாள். பட்டியல் அன்றே அம்மாவின் அடுப்படிக்குச் சென்றது.

ஆனால் அடுத்து வந்த பாடத்தில் தமிழ் தன் வஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டது.

பிறவி இதயக் குறைகளை எவ்வாறு வரிசைப்படுத்திப் படிப்பது என்பதற்கு ஒரு நெறி உண்டு. பாஸ்டனில் பணியாற்றிய ரிச்சர்ட் வான் பிராக், ஸ்டெல்லா வான் பிராக் தம்பதியர் வகுத்தது; இலண்டனின் ராபர்ட் ஆண்டர்சன் வேறொரு வகையில் வளர்த்தது. இதயத்தை முழுதாகப் பார்த்துத் திகைக்காதே. மேலறைகள், கீழறைகள், பெருங்குழாய்கள் என மூன்று துண்டாகக் கொள். ஒவ்வொன்றும் எது என்று முதலில் அடையாளம் காண். பிறகு எது எதனோடு சேர்ந்துள்ளது என்று பார். இதுதான் நெறியின் சாரம். இதில் தங்கைக்கு ஓர் இடர் இருந்தது. வலக் கீழறை இடப்பக்கத்தில் இருக்கலாம். இருந்தாலும் அதன் பெயர் வலக் கீழறையே. உள்சுவரின் சொரசொரப்பு, குறுக்கே ஓடும் தசைப்பட்டை, இதழ் பொருந்தியிருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டே அதனை அறிய வேண்டும். "இடப்பக்கம் இருக்கறத வலதுன்னு எழுதறப்போ கை நடுங்குது அண்ணா."

'பாலைக் குடித்தது பூனை' என்னும் தொடரில் எழுவாய் எது என்று மூத்தவர் கேட்டார். பூனை என்றாள். கடைசியில் நிற்கிறதே என்றார். எங்கே நின்றால் என்ன, ஐ உருபு பாலில் அல்லவா இருக்கிறது என்றாள். சொல்லி முடித்ததும் இருவரும் சற்றுநேரம் பேசவில்லை.

அன்று மாலை நன்னூலின் பொருள்கோள் பகுதியை எடுத்துக்கொண்டோம். செய்யுளில் சொற்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்து பொருள் தருகின்றன என்பதைக் கூறும் எட்டு வகையுள் நிரல்நிறையும் ஒன்று. பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றின் முடிபுகளை ஒரு வரிசையிலும் வைத்து, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என முறையே கொள்வது முறை நிரல்நிறை. மாற்றிக் கொள்வது எதிர் நிரல்நிறை. வலக் கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும் இடக் கீழறையிலிருந்து பெருந்தமனியும் புறப்படுவது முறை. வலக் கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்பட்டால் எதிர். அப்பொழுது உடலிலிருந்து வந்த குருதி தூய்மை பெறாமல் உடலுக்கே திரும்பும். குழந்தை பிறந்த சில மணிகளில் நீலம் பாரிக்கும். இருமுறை எதிர் வந்தாலோ? மேலறை கீழறையோடு மாறிச் சேர, கீழறையும் குழாயோடு மாறிச் சேர்ந்தால், இரு பிறழ்வும் ஒன்றையொன்று சரிசெய்து குருதி சேரவேண்டிய இடம் சேர்ந்துவிடும். இத்தகைய இதயத்தோடு நடுவயது வரை தெரியாமலே வாழ்ந்தோர் உண்டு. புத்தகத்தில் நான்கு பக்கம் விரித்திருந்ததைத் தங்கை நாட்காட்டித் தாளின் பின்புறம் இரண்டு வரிசைச் சொற்களாகவும் குறுக்குக் கோடுகளாகவும் வரைந்து முடித்தாள். மாணவர்க்கு இருபது ஆண்டுகளாக நிரல்நிறை கற்பித்தும், அது ஓர் உயிரின் அமைப்பைச் சொல்லக்கூடும் என்று மூத்தவர்க்குத் தோன்றியதில்லை.

*

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று உறவினர் பலரும் கேட்டனர். வளைகுடா நாடுகளில் இச்சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆகவே தங்கை பறக்கப் போகிறாள் என்று அவர்களே விடையும் சொல்லிக்கொண்டனர். அவள் மறுக்கவில்லை. உண்மைக் காரணத்தை ஓரிரவு மின்சாரம் நின்றிருந்தபோது சொன்னாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாத ஒரு மருத்துவமனையில், பிறந்து மூன்று நாளான குழந்தையை அவளிடம் கொண்டுவந்தனர். மார்பில் இரைச்சல் கேட்டதாம். நான்கு அறையும் நன்றாக இருந்தன. இதழ்கள் நன்றாக இருந்தன. கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் நாளம் இன்னும் மூடாமல் இருந்தது. மூன்றாம் நாளில் அதில் வியப்பில்லை. எஞ்சியது கழுத்துக்குழியில் கருவியை வைத்துப் பெருந்தமனியின் வளைவைப் பார்ப்பது. குழந்தை வீறிட்டது. தலையைத் திருப்பியது. வெளியே பதினோரு பேர் காத்திருந்தனர். ஒருமுறை முயன்றுவிட்டு விட்டுவிட்டாள். அறிக்கையில் அவள் குறித்தவை யாவும் கண்டவையே. வளைவைப் பார்க்க இயலவில்லை என்னும் ஒரு வரியைக் குறிக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். படித்தவர் வெறுமையை நலம் என்று கொண்டார்.

ஒன்பதாம் நாள் குழந்தை சாம்பல் நிறமாகத் திரும்பி வந்தது. கால்கள் சில்லிட்டிருந்தன; தொடையில் நாடி இல்லை. பெருந்தமனியில், நாளம் வந்து சேரும் இடத்தருகே இறுக்கம். நாளம் திறந்திருந்தவரை அவ்விறுக்கம் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. மூடியதும் உடலின் கீழ்ப்பாதிக்குக் குருதி நின்றது. மருந்தால் நாளத்தைத் திறந்து, அறுவை செய்து, பன்னிரண்டு நாள் கழித்துத் தாயிடம் கொடுத்தனர். இன்று பள்ளி செல்கிறதாம்.

பிழைத்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் உயிர் தப்புதல் என்றும் பொருள். தவறு செய்தல் என்றும் பொருள். அன்று குழந்தை பிழைத்தது. தங்கையும் பிழைத்தாள். அவள்மீது எவரும் குற்றம் சாட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை என்றாள். யாரேனும் தன்னைத் தேர்வு செய்து, உனக்குத் தெரியும் அல்லது தெரியாது என்று ஓர் எண்ணால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிற்றாம்.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக்குறை இருக்கும் என்பர். 2008இல் தமிழக அரசு இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2013 முதல் நடுவண் அரசின் சிறார் நலத்திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைச் சோதிக்கின்றனர். அறுவைக்குக் காப்பீடும் உண்டு. இத்தனைக்கும் முதற்படி, ஒருவர் கருவியைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

*

நான்காம் வாரத்தில் நீலக் குழந்தைகள் பற்றிய பகுதிக்கு வந்தோம். 1888இல் பிரான்சின் ஃபாலோ விரித்துரைத்த நான்கு குறைகளின் கூட்டு: கீழறைகளிடையே ஓட்டை, நுரையீரல் வழியில் இறுக்கம், ஓட்டையின்மேல் அமர்ந்த பெருந்தமனி, தடித்த வலக் கீழறை. இதற்கு முதன்முதல் கைகண்ட அறுவை 1944 நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நிகழ்ந்தது. வழியைச் சிந்தித்தவர் ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர். செவித்திறன் குன்றிய அவர் விரல்நுனியால் குழந்தைகளின் இதயத்துடிப்பை அறிந்தவர். அறுத்தவர் பிளாலாக். ஆய்வுக்கூடத்தில் அம்முறையை உருவாக்கி, அன்று பிளாலாக்கின் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பினத் தொழில்நுட்பர். 1976இல்தான் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிடைத்தது. இவ்விடத்தைத் தங்கை இருமுறை படித்தாள்.

அதே டாசிக்கிடம் பயின்றவர் நம் பத்மாவதி அம்மையார். பர்மாவில் 1917இல் பிறந்து, 1942இல் போருக்குத் தப்பித் தாயுடன் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ 1961லேயே திறந்த இதய அறுவை நடந்துவிட்டது.

இவ்வாண்டுகளை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. 1984இல் எங்களுக்கு ஒரு தம்பி பிறந்தான். மூத்தவர்க்கு அப்போது ஆறு வயது. தங்கை அதன்பின் நான்கு ஆண்டு கழித்துப் பிறந்தவள், அவனைக் கண்டதில்லை. அழுதால் உதடு நாவற்பழம் தின்றது போல ஆகும். நடக்கத் தொடங்கியதும் பத்தடி நடப்பான், குந்திக்கொள்வான். மறுபடி எழுந்து பத்தடி. மலையில் எல்லாரும் அதனை விளையாட்டு என்றே எண்ணினோம். சளி என்று சொல்லி மருந்து தந்தவர்களும் உண்டு. 1986 மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, அம்மாவின் மடியில் இறந்தான். வேலூர் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

பயிற்சி வினாக்களை மூத்தவர் உரக்கப் படிப்பதும், தங்கை விடையையும் காரணத்தையும் தமிழில் சொல்வதும் எங்கள் வழக்கம். திண்ணையில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வினா இது: நீலம் பாரித்து மூச்சுத் திணறும் குழந்தைக்கு உடனே செய்ய வேண்டுவது யாது? தங்கை சொன்னாள்: "முழங்காலை மடக்கி மார்போட சேர்த்துப் பிடிக்கணும். கால்பக்கம் ரத்தம் போற வழி இறுகும். அப்போ ஓட்டை வழியா தப்பிப் போற ரத்தம் குறைஞ்சு நுரையீரலுக்குப் போகும். கொஞ்சம் பெரிய குழந்தைங்க தானாவே குந்திக்கறதும் இதுக்குத்தான்."

மொச்சை உரிக்கும் ஓசை நின்றது.

"நான் அப்படித்தான் புடிச்சேன்" என்றார் அம்மா. "மடக்கிப் புடிச்சா தெளிஞ்சுக்குவான். அன்னைக்கும் புடிச்சேன். தெளியல. நீ அமுக்குனதுலதான் மூச்சு நின்னுச்சுன்னு உங்க பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிட்டுத்தான் போனாங்க."

நாற்பது ஆண்டுகளில் அம்மா இதனை எங்களிடம் சொன்னதில்லை. பாட்டி சொன்னதை நாங்களும் கேட்டதில்லை.

"சின்னவனுக்கும் இதுதானா கண்ணு?" என்று தங்கையைக் கேட்டார்.

மூத்தவர்க்கு நா வரை வந்துவிட்டது, ஆம் என்னும் சொல். குந்தியது, நீலம், வயது அனைத்தும் பொருந்துகின்றனவே. ஒரு தாய்க்கு நாற்பதாண்டுக்குப் பின் ஒரு பெயரைக் கொடுத்தால் என்ன? தங்கை தலையசைத்தாள்.

"தெரியாதும்மா. அவன் இதயத்த யாரும் பார்க்கல. பார்க்காததுக்கு நான் ரிப்போர்ட் சொல்லமாட்டேன்." பிறகு அம்மாவின் அருகில் தரையில் அமர்ந்தாள். "ஆனா ஒண்ணு தெரியும். காலை மடக்கிப் பிடிச்சதுல எந்தக் குழந்தையும் சாகாது. பிடிச்சதும் தெளிஞ்சான்னு சொன்னியே, டாக்டர் பக்கத்துல இருந்திருந்தாலும் முதல்ல அதைத்தான் செஞ்சிருப்பாரு. உனக்கு யாரும் சொல்லித் தரல. நீயே கண்டுபிடிச்சிருக்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். சற்றுநேரத்தில் அடுப்படியிலிருந்து, அந்தக் கேள்வியை மறுபடி ஒருதரம் படி சாமி என்று மூத்தவரிடம் குரல் வந்தது. படித்தோம். தங்கையும் விடையை மறுபடி சொன்னாள். அன்றிரவு அதே வினா மூன்று முறை படிக்கப்பட்டது.

முதற்பகுதியில் தங்கை தேறிவிட்டாள். இரண்டாம் பகுதி வரும் வியாழக்கிழமை, சென்னையில். புதன்கிழமை காலைப் பேருந்தில் இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சேலம் இறங்க வேண்டும். தேறிய பின் வளைகுடாவா, இங்கேயா என்பதை அவள் இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தேர்வு முடிந்ததும் செய்யவிருக்கும் ஒன்றை மட்டும் முடிவு செய்திருக்கிறாள். இனி எடுக்கும் ஒவ்வோர் அறிக்கையிலும், காண இயலாத இடம் எது, ஏன் இயலவில்லை என்று தனி வரி எழுதப் போகிறாளாம். விடைத்தாள் திருத்துகையில் விடப்பட்ட வினாவின் எதிரே மூத்தவர் சுழியம் இடுவார். அறியாமையை அறியாமை என்று எழுதியவனுக்கு அரை மதிப்பெண்ணேனும் தரலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

நாட்காட்டியில் 555 என்று எழுதியவர் யார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அம்மா எண்கள் எழுதக் கற்றது பால் கணக்குக்காக. வேறு எதற்கும் அவர் எண் எழுதி நாங்கள் பார்த்ததில்லை.

முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறோம், நண்பர்களே.